வேம்படித்துறைப் பெயாத்தா

பிப்ரவரி 22, சாம்பல் புதன்

இந்த டைரியை அண்ணன் மகள் தெக்லா கொடுத்தாள். மேலட்டையில் படகு இன்ஜின் படம். "கோவில்ல நீங்க செய்யுற வேலையெல்லாம் எழுதி வையுங்க அத்தை, பின்னால யாருக்காவது உதவும்" என்றாள். அந்த யாராவது யார் என்று இன்று காலைப் பூசையில் தெரிந்துவிட்டது.

நெற்றியில் சாம்பலோடு சனம் எழுந்திருக்கும் நேரம் பார்த்து அண்ணன் கஸ்பார் மைக்கைப் பிடித்தார். ஊர் கமிட்டித் தலைவர் ஆயிற்றே, மைக் அவர் வீட்டுப் பாத்திரம் மாதிரி. "வர்ற பெரிய வெள்ளிக்குப் பெயாத்தாப் போர்வை என் கடைசி மக தெக்லாவுக்கு விழுது. போன வருஷம் எனக்கு நெஞ்சத் தொறந்து ஆப்பரேஷன் பண்ணையில மாதாவுக்கு நேந்துக்கிட்டேன்" என்றார். சனம் கை தட்டியது. தெக்லா பெண்கள் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டாள். பிளஸ் டூ பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை அவளுக்கு.

பின்னால் வாசிப்பவளுக்காக எழுதுகிறேன். எங்கள் வேம்படித்துறைக் கோவிலில் வியாகுல மாதா சுரூபத்துக்கு உடை மாற்ற ஒரு கன்னி இருப்பாள். அவள்தான் பெயாத்தா. கன்னியாஸ்திரீ இல்லை, மடம் இல்லை, வார்த்தைப்பாடு இல்லை. ஒரு கறுப்புப் போர்வை, கோவிலுக்குப் பின்னால் ஓர் அறை, அவ்வளவுதான். பெண்ணைக் கொடுக்கிற வீட்டுக்குப் பெரிய வெள்ளிச் சப்பரத்தில் முன்தண்டு தூக்குகிற மரியாதை. அஞ்சு தலைமுறையாக அது எங்கள் மச்சாது வீட்டில் நிற்கிறது. எப்போது நழுவும் என்று ரொட்ரிகோ வீட்டார் வாயைப் பிளந்துகொண்டிருக்கிறார்கள்.

பதினொரு வயதில் போர்வை விழுந்தது எனக்கு. இப்போது ஐம்பத்தைந்து. முழங்கால் மடங்க மறுக்கிறது. ஆள் வேண்டும்தான். எனக்குச் சந்தோஷம்தான்.

பிப்ரவரி 24

பீடத் துணி எட்டு துவைத்தேன். உப்புக்காற்றில் ஒன்றும் காயவில்லை.

பிப்ரவரி 28

புதுப் பங்குச் சாமி வந்து ஆறு மாதம் ஆகிறது. ஜெரால்டு சாமி. போர்த்துக்கல்லில் நாலு வருஷம் படித்தவர். எதைப் பார்த்தாலும் அது எந்தப் பாஷையில் இருந்து வந்தது என்று சொல்லாவிட்டால் சோறு இறங்காது அவருக்கு. இன்று பூசை உடுப்பை மடித்துக்கொண்டிருந்தேன்.

"பெயாத்தாங்கிற பேரு எங்கேருந்து வந்துச்சு, தெரியுமாம்மா?"

"எங்க கத்தரீனா அத்தைட்டேருந்து வந்துச்சு. அவிய செத்தப்புறம் எனக்கு."

சாமி சிரித்துவிட்டார். பிறகு விளக்கினார். லத்தீனில் பெயாத்தூஸ் என்றால் சந்தோஷப்படுத்தப்பட்டவர், பேறுபெற்றவர். மலைப்பொழிவில் 'பேறுபெற்றோர், பேறுபெற்றோர்' என்று அடுக்கடுக்காக வருகிறதே, லத்தீன் வேதாகமத்தில் அந்த இடத்திலெல்லாம் இந்தச் சொல்தானாம். அதிலிருந்து போர்த்துகீசிலும் ஸ்பானிஷிலும் ஆணென்றால் பெயாத்தோ, பெண்ணென்றால் பெயாத்தா. புனிதர் பட்டத்துக்கு ஒரு படி கீழே இருக்கிற அருளாளருக்கும் அதுதான் பேர். மடத்துக்குப் போகாமல் வீட்டோடு துறவியாக இருந்த பெண்களையும் அந்த ஊர்களில் அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

"கப்பல்ல வந்தவங்க விட்டுட்டுப் போன சொல்லும்மா. நம்ம ஊர்ல மட்டும் இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு."

"வேற அர்த்தம் இருக்கா சாமி?"

"இருக்கு... அதெல்லாம் சும்மா, பேச்சுவழக்கு" என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

சந்தோஷப்படுத்தப்பட்டவள். நல்ல பேர்தான். யார் படுத்தினார்கள் என்று சாமியைக் கேட்டிருக்கலாம்.

மார்ச் 5

ஞாயிறு. மெழுகுதிரி அடித்துண்டு பொறுக்கினேன். சனம் பெருவிரல் நீளம் எரியவிட்டுப் போய்விடும். மீதியைச் சுரண்டி, உருக்கி, மறுபடி திரி போட்டு வார்ப்பது என் வேலை. கையெல்லாம் கொப்புளத் தழும்பு. இந்தக் கையைத் தொட்டு முத்தி செய்ய, முத்தம் வைக்க, வரிசையில் நிற்பார்கள், பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளும் கடலுக்குப் போகிற ஆம்பிளைகளும். நானும் நீட்டுவேன். பொய் சொல்வானேன், அந்த நேரம் எனக்குப் பிடிக்கும்.

உருக்கும்போது அப்பா ஞாபகம் வந்தது. எழுபத்தெட்டு நவம்பர் புயலில் அவரும் அண்ணனும் தப்பி வந்தார்களே, அதற்கு அடுத்த வாரம். மீன் ஏலம் முடிந்து கடற்கரை காலியாகக் கிடந்தது. "பெர்பெத்து, வா பிள்ள" என்று என்னைத் தூக்கி யாவாரித் தராசில், நெய்மீன் போடுகிற கூடையில் உட்காரவைத்தார். நான் ஆடினேன், கூடை ஆடியது, அவர் சிரித்தார். "இருபத்தேழு கிலோ. இவள விட நெய்மீனு கூட வரும்!" என்று தரையில் இறக்கிவிட்டு ஒரு கருப்பட்டி மிட்டாய் வாங்கித் தந்தார். அப்பா என்னைத் தூக்கியது அதுதான் கடைசி. அதற்கப்புறம் கையைத் தவிர பெயாத்தாவை ஆம்பிளை தொடக்கூடாது, அப்பாவானாலும்.

எனக்கு மனசு சரியில்லை என்றால் நினைப்பில் அந்தக் கூடையில் ஏறி உட்கார்ந்துகொள்வேன். யாருக்கும் தெரியாது.

மார்ச் 12

நாளைக்கு தெக்லாவுக்குத் தமிழ்ப் பரீட்சை. கையை முத்தி செய்ய வந்தாள் என்று நீட்டினேன். முத்தி செய்யவில்லை. சாமி சொன்ன அர்த்தத்தை முன்னமே இவளிடம் சொல்லியிருந்தேன். போனை எடுத்து வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அத்தை, சாமி சொல்லாத அர்த்தத்த நான் பாத்துட்டேன். ஸ்பெயின்ல பெயாத்தான்னா பக்திவேஷம் போடுற பொம்பளையாம். எந்நேரமும் கோவில்லயே கெடந்து ஊர்க்குத்தம் பேசுறவளுக்கு அந்தப் பேரு."

"சரி."

"போர்த்துக்கல்ல இன்னொண்ணு. ஊதிட்டுக் கீழ போடுவாவல்லா, சிகரெட்டுத் துண்டு? அதுக்கும் பெயாத்தாதான் பேரு."

மெழுகு அடித்துண்டுகள் இருந்த டப்பாவை மூடிவைத்தேன்.

"சந்தோஷமானவன்னு ஆரம்பிச்சு எங்க வந்து நிக்கி பாத்தீயளா? ஒங்களுக்கு இது புடிச்சிருந்துச்சா அத்தை? ஒரு நாளாவது?"

"போட்டி வெளிய! நாளைக்குப் பரீட்சைய வச்சுக்கிட்டு வாய் பேசுதியா?" என்று கத்திவிட்டேன். விளக்குமாறு கையில் இருந்தது. அடிக்கவில்லை. ஓங்கினேன், உண்மை.

போய்விட்டாள். திமிர். பள்ளிக்கூடம் போன திமிர். எனக்கு ஆறாம் வகுப்போடு நிறுத்தினார்கள், எனக்குத் திமிர் வந்ததா?

மார்ச் 13

பரீட்சை நன்றாக எழுதினாளாம். அண்ணி சொன்னாள். நான் கேட்கவில்லை.

மார்ச் 19

அண்ணன் வந்தார். தெக்லா சரியாகச் சாப்பிடவில்லையாம், நர்சிங் படிக்கவேண்டும் என்று அழுகிறாளாம்.

"நீ நாலு நல்ல வார்த்த சொல்லு பெர்பெத்து. ஒன்னப் பாத்தா அவளுக்குப் புரியும்."

"என்னப் பாத்துத்தான் அழுதாளோ என்னமோ."

"என்ன பேச்சு இது? ஒனக்கு என்ன கொற? ஊரே ஒன் கையில முத்துது. எம் பொஞ்சாதிக்கு அப்பிடி ஒரு மரியாத உண்டா?"

உண்மைதான். அண்ணிக்கு அப்படி மரியாதை இல்லை. அவளுக்கு இருப்பது நாலு பிள்ளைகள்.

அவர் போனபிறகு ஒரு விஷயம் உறைத்தது. இந்த ஊரில் நேர்ச்சை நேர்ந்தவர் யாரானாலும் அதைச் சீட்டில் எழுதி, நூல் சுற்றி, மாதாவின் உடுப்புக்குள்ளே மரச்சட்டத்தில் கட்டவேண்டும். கட்ட வருகிறவர் திரைக்கு வெளியிலிருந்து கையை நீட்டுவார், நான் திரைக்கு உள்ளேயிருந்து அந்தக் கையைச் சட்டத்துக்குக் கொண்டுபோவேன். முடிச்சு அவரே போடவேண்டும். நேர்ச்சையைச் செலுத்தியதும் வந்து இன்ன நிற நூல், இத்தனை முடிச்சு என்று சொல்வார். நான் அறுத்துக் கொடுப்பேன். அது பெரிய சனிக்கிழமை நெருப்புக்குப் போகும். செலுத்தாதவர் சீட்டு கிடந்தபடி கிடக்கும். சீட்டைப் பெயாத்தா வாசிக்கக்கூடாது. வாசித்தால் கண் அவிந்துபோகும் என்று கத்தரீனா அத்தை சொல்லியிருக்கிறாள்.

அண்ணன் ஆப்பரேஷனுக்குப் பிறகு கை நீட்டியதாக எனக்கு ஞாபகம் இல்லை. மறந்திருப்பேன். வயதாகிறது.

மார்ச் 26

பாடுகளின் ஞாயிறு. சுரூபங்களுக்கெல்லாம் ஊதாத் துணி மூடியாயிற்று. மாதாவை மட்டும் என் அறைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். பெரிய வெள்ளி வரை திரைக்குள் நானும் அவளும்தான்.

உடுப்பைக் கழற்றினேன். பார்க்கிறவர்களுக்கு மாதா முழு ஆள். உள்ளே முகமும் இரண்டு கையும்தான் மாதா, கழுத்துக்குக் கீழே வெறும் சட்டம். நாலு தேக்குப் பலகை, குறுக்கே இரண்டு. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. முதல் தடவை பார்த்தபோது பயந்து மூத்திரம் பெய்துவிட்டேன். பதினொரு வயது.

நூல்களைத் தூசி தட்டினேன். மஞ்சள் ஏழு, சிவப்பு நாலு, வெள்ளை நிறைய. அடிப்பலகையில் பச்சை ஒன்று. எல்லா வருஷமும் இருக்கிறது. அண்ணன் சீட்டு என்று எதுவும் இல்லை. இரண்டு தடவை தேடினேன்.

மார்ச் 27

பச்சை நூலைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. பழசு, யாருடையதோ.

ஏப்ரல் 3

பரீட்சை முடிந்தது. தெக்லா வந்தாள். இந்தத் தடவை வாய் பேசவில்லை. மாதாவின் கறுப்புப் பட்டுத்துணியை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன், ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, நீங்க வேண்டாம்னு ஒரு வார்த்த சொன்னா நிக்கும். பெயாத்தா கையால போர்வ போட்டாத்தான் செல்லும்னு அம்மா சொன்னாவ."

"எனக்கு யாரு வேண்டாம்னு சொன்னா?"

கேட்டது என் வாய்தான். குரல் கத்தரீனா அத்தையுடையது மாதிரி இருந்தது. தெக்லா துணியை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனாள். 'நான் பட்டேன், நீயும் படு' என்று இவளிடம் சொல்லியிருக்கிறேன். வேறு எப்படிச் சுற்றிச் சொன்னாலும் அதுதான்.

சரி, பச்சை நூலைப் பற்றி எழுதிவிடுகிறேன். அது எங்கள் வள்ளத்து வலைநூல். முடிச்சு இடக்கை முடிச்சு, சுற்று எதிர்ப்பக்கம் போகும். இந்த ஊரில் இடக்கையால் வலை முடிந்தவர் ஒரே ஆள், எங்கள் அப்பா மனுவேல் மச்சாது. போர்வை விழுந்த முதல் வருஷமே எனக்குத் தெரியும். நாற்பத்துநாலு வருஷமாகத் தெரியும். கடலில் என்னைத்தான் நேர்ந்தேன் என்று அப்பா கோவிலில் நின்று சொன்னார், என்னைச் செலுத்தியும்விட்டார். அப்புறம் ஏன் அந்தச் சீட்டைத் திருப்பி வாங்க வரவில்லை? இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் நான் செபமாலையை எடுத்துவிடுவேன். கண் அவிந்துபோகும் என்ற பயம் எனக்கு எப்பவுமே இல்லை. வேறு பயம்.

ஏப்ரல் 4

வாசித்துவிட்டேன்.

நைலான் நூல் மக்கவே இல்லை. முடிச்சை அவிழ்க்க அரைமணி நேரம் ஆனது, கத்தரி வைக்க மனசு வரவில்லை. தாள் நனையாமல் இருக்க மெழுகு தடவியிருந்தார். எழுத்து அப்படியே இருக்கிறது.

"வியாகுலத் தாயே, கடலில் என்னையும் மகன் கஸ்பாரையும் உயிரோடு கரை சேர்த்ததுக்கு என் மகள் பெர்பெத்துவா எடைக்கு எடை மெழுகு தருவேன். பிள்ளை எடை 27 கிலோ. ஒரு வருஷத்துக்குள் செலுத்துகிறேன். மனுவேல் மச்சாது."

மெழுகு.

இந்தக் கரையில் யாரும் நேர்கிற நேர்ச்சைதான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எடைக்கு எடை மெழுகு, படகு தப்பினால் எடைக்கு எடை மெழுகு. அந்தக் கூடையில் என்னை ஏற்றியது விளையாட்டு இல்லை. மெழுகுக்கு நிறுத்திருக்கிறார். சிரிப்பு மட்டும் எனக்கு. மிட்டாயும் எனக்கு.

அந்தப் பிப்ரவரியில் கத்தரீனா அத்தை செத்தாள். ஏப்ரலில் பெரிய வெள்ளி. நடுவில் என்ன நடந்தது என்று யோசிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். ஆனால் சீட்டைக் கேட்டு வரவில்லையே அப்பா. செலுத்தவில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. என்னைக் கொடுத்ததை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. இதை நினைத்துத்தான் அழுதேன், கோபத்தில் இல்லை. அப்புறம் கோபமும் வந்தது.

ஏப்ரல் 5

அண்ணன் வீட்டுக்குப் போனேன். பெயாத்தா வீட்டுப் படி ஏறக்கூடாது. ஏறினேன்.

"அண்ணே, புயல்ல அப்பா என்ன சொல்லி நேந்தாவ?"

"இப்ப என்னத்துக்கு அது?"

"வள்ளத்துல கூட இருந்தது நீங்கதான?"

"மழைச் சத்தத்துல எவனுக்குக் காது கேட்டுச்சு!"

சீட்டை மேசைமேல் வைத்தேன். அவர் அதை எடுத்து வாசிக்கவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாதவன் வாசிப்பான். அப்போதே எனக்குப் போதும்.

"கத்தரீனா அத்தை படுத்த படுக்கையில போயிட்டாவ" என்றார். "ரொட்ரிகோ வீட்டுக்காரன் மகளக் குளிப்பாட்டி ரெடியா வச்சிருந்தான். முன்தண்டு போயிருக்கும். அப்பா வேற என்ன செய்வாவ?"

"அந்த மெழுகு?"

"பிள்ளையவே குடுத்தாச்சு, இனி மெழுகு எதுக்குன்னு இருந்திருப்பாவ."

"நீங்க ஒரு வார்த்த சொல்லலியே."

"எனக்குப் பதினஞ்சு வயசு, பிள்ள."

"எனக்குப் பதினொண்ணு."

கமிட்டித் தலைவர் சும்மா ஆனவரா? குரலை இறக்கி, பாசமாகவே சொன்னார். "இத வெளிய சொன்னா யாருக்குக் கேவலம்? அப்பா செத்தாச்சு. எனக்கு நாலு நாள் பேச்சு. ஒனக்குத்தான் எல்லாம் போகும். இன்னைக்கு நீ மாதா தெரிஞ்செடுத்த ஆளு. நாளைக்கு நீ ஏமாந்தவ. ஒங்கைய எவன் முத்துவான்?"

ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அஞ்சு தலைமுறைக்குப் பெண்ணை நேர்ந்து கொடுத்த வீட்டுப் புத்தி அது, குறி தப்பாது.

இனிமேல் இந்த டைரியில் அவனுக்கு மரியாதை 'ஆர்' கிடையாது.

திரும்பும்போது சாமியைப் பார்த்தேன். சீட்டைக் காட்டினேன். முகம் வெளுத்துவிட்டது. "திருச்சபைச் சட்டத்துல இதுக்கெல்லாம் இடமே இல்லம்மா, சின்னப் பிள்ளைய யாரும் நேரமுடியாது" என்றார்.

"அப்ப பெரிய வெள்ளிக்கு நீங்க நிறுத்துங்க சாமி."

"ஊர் வழக்கத்துல நான் கைய வச்சா... ஆயர் வரைக்கும் போவாங்க. நான் வந்தே ஏழு மாசம்தான்" என்றார். சொல்லுக்கு வேர் தேடித் தருவார், வேறெதற்கும் ஆள் இல்லை.

ஏப்ரல் 6, பெரிய வியாழன்

சீட்டை அடுப்புவரை கொண்டுபோனேன். எரிக்கவில்லை. இரண்டு தடவை கொண்டுபோனேன் என்று எழுதினால்தான் சரி.

சாயங்காலம் தெக்லா பாதம் கழுவுகிற பூசைக்கு வந்திருந்தாள். தலைக்கு எண்ணெய் தேய்த்து, இரட்டைச் சடை போட்டு, பூ வைத்து அனுப்பியிருந்தாள் அண்ணி. நாளைக்குப் போர்வை விழுமுன் வெட்டப்போகிற முடி இல்லையா, கடைசியாக ஒரு தடவை சீவி அழகு பார்த்திருக்கிறாள். எனக்கும் என் அம்மா அப்படித்தான் சீவினாள்.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

ராத்திரி எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கு அறைக்கதவை உள்ளே தாழ் போட்டேன். மாதா சட்டமாக நிற்கிறாள், ஒரு துணி போர்த்தவில்லை. பதினொன்றுக்கு கஸ்பார் வந்து தட்டினான். மூன்று மணிக்குள் மாதா உடுத்தித் தயாராகவேண்டும், அஞ்சு மணிக்குச் சப்பரம்.

"இருபத்தேழு கிலோ மெழுகு கொண்டா. கோவில் முற்றத்துல, ஊர் முன்னால நிறுத்துப் போடு. அப்பா என்ன நேந்தாவன்னு ஒன் வாயால சொல்லு. பொறவு மாதா வெளிய வருவா."

"பைத்தியம் புடிச்சிருச்சா ஒனக்கு?"

"நாப்பத்துநாலு வருஷமா புடிச்சிருந்துச்சு. இப்பத்தான் தெளிஞ்சிருக்கு."

கெஞ்சினான். மிரட்டினான். கதவை உடைப்பேன் என்றான். "உடைச்சுக்கிட்டு வா. மாதாவத் துணியில்லாமப் பாத்த முதல் ஆம்பிள நீதான்னு ஊர் பேசட்டும்" என்றேன். அதோடு கதவில் கை வைக்கவில்லை. சாமி வந்து, "அம்மா, கோவில் ஸ்டோர்லயே நீங்க உருக்கி வச்ச மெழுகு நாப்பது கிலோ கிடக்கே, அதை நிறுத்துப் போட்டா ஆகாதா?" என்றார் பாவம். "மாதா மெழுக எடுத்து மாதாவுக்கே செலுத்துறதா சாமி? வெளிய இருந்து வரணும்" என்றேன்.

சப்பரம் நின்றுபோகுமே என்று கஸ்பார் இறங்கிவந்தான். ஆனால் பெரிய வெள்ளிக்கு எந்தக் கடை திறந்திருக்கும்? தூத்துக்குடியில் மெழுகு வார்க்கிற ஒருவர் வீட்டில் போய் நின்று, அவரை எழுப்பி, மூட்டை கட்டி ஆட்டோவில் ஏற்றி வர மூன்றே முக்கால் ஆனது. ஏலக்கூடத்து எலக்ட்ரானிக் தராசை முற்றத்தில் வைத்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர் முழுக்க நின்றது. இருபத்தாறு புள்ளி எட்டு காட்டியது. இன்னொரு கட்டி போடச் சொன்னேன்.

பிறகு அவன் சொல்லவேண்டும். மைக் கொடுத்தார்கள். இத்தனை வருஷத்தில் கஸ்பார் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றதை இன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அப்பா... கடல்ல மெழுகுதான் நேந்தாவ. தங்கச்சிய இல்ல."

நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனேன். தெக்லா வெள்ளைப் பாவாடையில், கையில் மடித்த கறுப்புப் போர்வையோடு படியில் நின்றாள்.

"நீ ஆப்பரேஷன்ல என்ன நேந்த?" என்று கேட்டேன்.

"என் மகளத்தான். சத்தியமா."

"எந்த நூலு? எத்தன முடிச்சு?"

மைக்கைப் படியில் வைத்தான்.

"என் கண்ணுல படாம அந்தச் சட்டத்துல ஒரு நூல் ஏறமுடியாது. மாதாட்ட ஒஞ்சீட்டு இல்ல. சீட்டு இல்லன்னா இந்த ஊர்ல நேர்ச்ச இல்ல. வழக்கம் வழக்கம்னு நீதான சொல்லுவ?"

கூட்டத்தில் ரொட்ரிகோ வீட்டுக் கிழவர்தான் முதலில் "அது நியாயம்" என்றார். அவருக்கு என்ன நியாயம் என்று எனக்குத் தெரியாதா? இருந்தாலும் உதவியது. தெக்லா கையிலிருந்த போர்வையை வாங்கிக்கொண்டேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள், எல்லார் முன்னாலும். எனக்கு எப்படி நிற்பது என்று தெரியவில்லை. கைகளை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை.

உள்ளே போய் மாதாவுக்கு உடுத்தினேன். சொன்ன சொல் சொல். எல்லா வருஷத்தையும்விட நன்றாக உடுத்தினேன். அப்பா சீட்டு இருந்த இடத்தில் பலகை மட்டும் வெளுப்பாக இருந்தது.

முன்தண்டை ரொட்ரிகோ வீட்டார் தூக்கினார்கள். பெண் கொடுக்காமலே கிடைத்துவிட்டது. சப்பரம் என் அறையைக் கடக்கும்போது இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு போனது ஜன்னலில் கேட்டது.

"பாவம், சும்மாவே இருந்திருக்கா இத்தன வருஷம்."

"நானும் போன வாரம் அவ கையப் போயி முத்துனேன் பாரு!"

சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. கஸ்பார் சொன்னது சரியாகத்தான் இருந்தது. எனக்கு வலித்தது, இல்லை என்று எழுதமாட்டேன்.

ஏப்ரல் 8, பெரிய சனி

இன்று கையை முத்தி செய்ய யாரும் வரவில்லை. பக்கத்து வீட்டு லூர்தி பதனீர் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டு, என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் நின்று, கடைசியில் "இந்தா, ஒங்களத்தான்" என்று போனாள்.

சாமி பதிவேட்டோடு வந்தார். உயிர்ப்பு விழா முடிந்ததும் அறையைக் காலி செய்யவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் கமிட்டி கேட்கும் என்றார். எங்கே போவீர்கள் என்றார். தெரியவில்லை என்றேன். பதிவேட்டில் என் பேருக்கு நேரே பெயாத்தா என்று போட்டிருக்கிறதே, அதை என்ன செய்வது என்றார்.

"அடிச்சிருங்க சாமி."

"வேற என்ன எழுத?"

"எனக்கு என்ன தெரியும்? ஒரு சொல்லுக்கு அத்தன பாஷையில அர்த்தம் தெரியும் ஒங்களுக்கு. நீங்களே ஒண்ணு யோசிச்சு எழுதுங்க."

தெக்லா நர்சிங் விண்ணப்பத்தில் என் கையெழுத்து வேண்டும் என்றாள். அப்பன் போடமாட்டேன் என்றானாம். போட்டேன். உறவு என்ற இடத்தில் அத்தை என்று எழுதினாள். போகும்போது "பயமா இருக்கா அத்தை?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இந்தத் தடவை கத்தவில்லை.

இன்று யாரும் கடலுக்குப் போகவில்லை. ஏலக்கூடம் காலி. மத்தியானம் அங்கே போனேன், போர்வை இல்லாமல். வெயில் நேரே தோளில் விழுந்தது. தராசைத் திரும்பக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள், நேற்றைய மெழுகுத் துகள் இன்னும் ஒட்டியிருந்தது. சுற்றிப் பார்த்தேன். ஏறி நின்றேன்.

நாற்பத்தொரு கிலோ.

அப்பா, நீங்கள் நேர்ந்தது இருபத்தேழு. நேற்று அது மெழுகாகவே போய்ச் சேர்ந்துவிட்டது. அப்படியானால் இந்த நாற்பத்தொன்று எதற்கு அப்பா போனது?

இறக்கிவிட யாரும் இல்லை. நானே இறங்கி வந்தேன்.